ஒடாஹுஹுவின் துளைக்காசுகள்

வசந்தமலர் த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில் இருந்த ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தார். டொக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து மாத்திரைகளை எடுத்து, போத்தலில் போட்டு, பெயர் ஒட்டி, மருந்தாளர் சரிபார்க்க வைக்கும் வேலை. அதற்கு முந்திய வாழ்க்கையில் அவர் யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிப்பித்தவர். கணவர் கேதீஸ்வரன் நீர்வழங்கல் எஞ்சினியர். இருவரும் சில வருஷங்கள் சாம்பியாவில் இருந்துவிட்டு, மகள் பிரணவியோடு ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். நாற்பத்திரண்டு வயதுவரை, மண்ணுக்குள் கிடக்கும் எதையும் தேடிப் பார்க்க வேண்டும் என்று வசந்தமலருக்குத் தோன்றியதே இல்லை.

1993ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அவர்கள் வீட்டுக் குசினிக்குள் தண்ணீர்க் குழாய் வெடித்தது. வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்துவதற்குத் தெருவோரத்தில் ஒரு வால்வு இருக்கும். நியூசிலாந்தில் அதற்கு டோபி என்று பெயர். வந்த பிளம்பர் "உங்கள் டோபி எங்கே?" என்று கேட்டபோது, வசந்தமலர் வீட்டில் வாஷிங் மெஷின் இருப்பதாகப் பதில் சொன்னார். பிளம்பர் நல்ல மனிதர், சிரிக்காமல் விளங்கப்படுத்தினார். எப்படியோ குழாயை அடைத்துவிட்டு, டோபியின் இரும்பு மூடி புல்லுக்கடியில் புதைந்து போயிருக்கிறது, அதை எப்படியும் கண்டுபிடித்து வையுங்கள் என்று சொல்லிப் போனார்.

அந்த மாதம் கேதீஸ்வரனுடைய அலுவலகத்தில் கழித்துவிட்ட சாமான்களை ஊழியர்களுக்கு விற்றார்கள். அவர் ஒரு பழைய மெற்றல் டிடெக்டரை வாங்கி வந்தார். நீண்ட தடி, நுனியில் தட்டுப் போன்ற வளையம், காதில் மாட்ட ஹெட்ஃபோன். ஆனால் த்ரீ கிங்ஸ் எரிமலைக் கல்லின் மேல் கட்டப்பட்ட ஊர். அந்தச் சிவப்புக் கல்லில் இரும்பு கலந்திருப்பதால், முற்றத்தில் எங்கே பிடித்தாலும் கருவி அழுதது. கேதீஸ்வரன் மூன்று இடத்தில் கிண்டிவிட்டு அலுத்துப்போய் உள்ளே போனார். வசந்தமலர் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டார். கல்லின் சத்தம் இழுபட்டு வந்தது. தெருவோரம் நின்ற கமீலியாச் செடியின் அடியில் அந்தச் சத்தத்துக்குள்ளே இன்னொரு சத்தம், கூர்மையாக, தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தெரியும்படி கேட்டது. மண்வெட்டியைப் போட்டார். டோபியின் மூடி வந்தது.

கேதீஸ்வரனுக்கு அதோடு கருவியின் வேலை முடிந்தது. வசந்தமலர் அதைக் காரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டார்.

பிரணவிக்கு அப்போது பதினைந்து வயது. சனிக்கிழமை காலைகளில் ஒடாஹுஹுவில் ஒரு சப்பாத்துக்கடையில் வேலை செய்தாள். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, திரும்பவும் கூட்டிவரப் போவதைவிட, அங்கேயே காத்திருப்பது லேசு. முன்பெல்லாம் வசந்தமலர் கடைத்தெருவில் காய்கறி வாங்கிவிட்டுக் காருக்குள் இருந்து வாரப்பத்திரிகை படிப்பார். இப்போது ஊருக்குப் பின்பக்கம் இருக்கும் தாமாகி ஆற்றங்கரைக்குப் போனார். ஆறு என்றுதான் பெயர். கடல் ஏறி இறங்கும் கழிமுகம் அது. நீர் வற்றும்போது கண்டல் மரங்களுக்கு வெளியே சிப்பி ஓடுகள் கலந்த சேறு கிடக்கும். கேதீஸ்வரன் ஒழுங்கான மனிதர் என்பதால் முதலில் நகரசபை அலுவலகத்துக்குப் போன் பண்ணி, அங்கே தேடலாமா என்று கேட்டுக் கொடுத்தார். மேலே இருக்கும் புல்லைக் கிண்டக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள்.

முதல் வாரங்களில் கிடைத்தவை பியர் மூடிகள், தூண்டில் ஈயம், ஒரு முள்ளுக்கரண்டி. அவருக்கு அது குறையாகப் படவில்லை. ஹெட்ஃபோனைப் போட்டால் ஒன்று கேட்கும் அல்லது கேட்காது. கேட்டால் கிண்ட வேண்டும். கிண்டினால் ஏதாவது இருக்கும். மருந்துக்கடையிலும் வீட்டிலும் எந்த வேலையும் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, முழங்கையளவு ஆழத்தில், கறுத்துப் பச்சை பிடித்த ஒரு செப்புத் தகடு கிடைத்தது. நடுவில் சதுரமான ஒரு துளை. வீட்டுக்குக் கொண்டுவந்தவர், பித்தளைச் சாமான் விளக்கும் வழக்கத்தில், புளியைக் கரைத்துப் போட்டுத் தேய்த்தார். செம்பு பளபளத்தது. ஒரு பக்கத்தில் தராசு பிடித்துக்கொண்டு ஒரு பெண் அமர்ந்திருந்தாள். துளை அவள் மடியில் விழுந்திருந்தது. மறுபக்கத்தில் ஆங்கில எழுத்துகள். ரி. ஹால்க்ரோ, பலசரக்குக் கடை, ஒடாஹுஹு, அரைப்பென்னி. தகடு தட்டையாக இல்லை. ஒரு சின்னச் சாசரைப் போல லேசாகக் குழிந்திருந்தது.

"கடைக்காரன் சொந்தமாக் காசு அடிச்சிருக்கிறான்" என்று கேதீஸ்வரன் ஆச்சரியப்பட்டார். "கவர்ன்மென்ற் பேசாம விட்டதோ?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் வசந்தமலர் முதன்முறையாக நகர மத்திய நூலகத்துக்குப் போனார். பதில் எளிதாகக் கிடைத்தது. நூற்றுமுப்பது வருஷங்களுக்கு முன்பு இங்கே சில்லறைக்குப் பெரும் தட்டுப்பாடு. கடைக்காரர்கள் தங்கள் பெயரைப் பொறித்துச் செப்புக்காசு அடிப்பித்து, மிச்சக் காசுக்குப் பதிலாக அதைக் கொடுத்தார்கள். ஊரும் அதை வாங்கிப் புழங்கியது. விளம்பரமும் ஆயிற்று, சில்லறையும் ஆயிற்று. ஆனால் ஹால்க்ரோ என்பவர் யார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நூலகத்தில் அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் படச்சுருளில் வைத்திருந்தார்கள். ஒரு கைப்பிடியைச் சுற்றினால் பக்கங்கள் திரையில் ஓடும். வசந்தமலர் வியாழக்கிழமைகளில் வேலை முடிந்து அங்கே போய் இருந்தார். ஒடாஹுஹுவில் அப்போது பிரிட்டிஷ் படைகளின் பெரிய முகாம் இருந்தது. ஹால்க்ரோ அவர்களுக்கு மாவும் தேயிலையும் புகையிலையும் விற்றிருக்கிறார். விதை உருளைக்கிழங்கு வந்திறங்கியது என்று விளம்பரம் போட்டிருக்கிறார். கடை முன்னால் கட்டியிருந்த சாம்பல் குதிரை காணாமற் போய்விட்டது, கண்டவர் சொல்லவும் என்று அறிவித்திருக்கிறார். ஒரு நாள் மரண அறிவித்தல் பத்தியில் இரண்டு வரி வந்தது. ஒடாஹுஹு, தோமஸ் ஹால்க்ரோவின் அன்பு மகள் இஸபெல், மூன்று வயது, குக்கல் இருமல்.

அன்று அவர் மேற்கொண்டு படிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அந்தத் துளை நினைவுக்கு வந்தது. எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைகளுக்கு அரைஞாணிலோ கழுத்து நூலிலோ காசு கோத்துக் கட்டுவது உண்டு. கடைக்காரத் தகப்பன் தன் பெயர் பொறித்த காசிலே துளை போட்டு மகளின் கழுத்தில் கட்டியிருப்பான். ஆற்றங்கரையில் விளையாடும்போது அது அறுந்து விழுந்திருக்கும். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவருக்கு அது நடந்த கதையாகவே ஆகிவிட்டது.

ஹால்க்ரோ என்பது அபூர்வமான பெயர். தொலைபேசிப் புத்தகத்தில் ஆக்லாந்து முழுவதற்கும் இரண்டே பேர். முதலாமவர் போனை எடுக்கவில்லை. இரண்டாமவர் நோயலீன் ஹால்க்ரோ, கார் ஓட்டப் பழக்குபவர், ஐம்பத்தைந்து வயது, பப்பக்குராவில் தனியாக இருந்தார். தங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் கடை வைத்திருந்தார்கள் என்று மட்டும் அவருக்குத் தெரியும். எங்கே, எப்போது என்று தெரியாது. வசந்தமலர் நூலகத்தில் எடுத்த பிரதிகளைக் கொண்டுபோய்க் காட்டினார். பிள்ளையின் மரண அறிவித்தலை நோயலீன் இரண்டு தரம் படித்துவிட்டு, எழுந்துபோய்த் தேநீர் போட்டார்.

ஆக்லாந்தில் பழைய நாணயம் சேகரிப்பவர்களின் சங்கம் ஒன்று மாதத்துக்கு ஒரு முறை எப்சமில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடும். வசந்தமலர் அங்கே காசைக் காட்டப் போனபோது, அதைப் புளி போட்டு விளக்கியதைக் கேட்டு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். பழைய செம்பைத் தேய்க்கவே கூடாதாம். தேய்த்ததும் துளை விழுந்ததும் சேர்ந்து சேகரிப்பாளருக்கு அது உதவாத காசு என்றார்கள். ஆனால் ஹால்க்ரோவைப் பற்றி அவர் கண்டுபிடித்தவை அவர்களுக்குப் புதிது. அடுத்த வருஷம் மார்ச் மாதம் அவரைப் பேசச் சொன்னார்கள்.

பேச்சு நன்றாக அமைந்தது. படிப்பித்தவர் அல்லவா, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். இஸபெல்லின் பெயரைச் சொன்ன இடத்தில் மண்டபத்தில் கதிரை அசையும் சத்தம்கூட இல்லை. நோயலீன் முன்வரிசையில் இருந்து அழுதார். சங்கத்தின் செய்தி இதழில் முதற்பக்கத்தில் அது வந்தது. குழிந்த தகட்டைப் பற்றி யாரோ கேட்டதற்கு, வண்டிச் சில்லு ஏறியிருக்கலாம் என்று வசந்தமலர் பதில் சொன்னார். அந்தப் பதில் அவருக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை; ஆனால் வேறு பதில் இல்லை.

காசை அவர் நோயலீனுக்கே கொடுத்துவிட்டார். நோயலீன் அதை மெல்லிய சங்கிலியில் கோத்து அணிந்துகொண்டார். அந்த வருஷக் கடைசியில் நோயலீனின் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. பெயர் இஸபெல் என்று வைத்தார்கள்.

எங்கள் ஆட்களிடையே இந்தப் பொழுதுபோக்குக்கு அவ்வளவு மதிப்பு இருக்கவில்லை. பங்கஜம் என்பவர், கோயில் மண்டபத்தில் சமையலுக்கு முன்நிற்பவர், ஒரு சனிக்கிழமை ஒடாஹுஹுப் பாலத்தால் போகும்போது வசந்தமலரைக் கண்டுவிட்டார். முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து, கையில் அரிதட்டு, முகத்தில் சேறு. மருந்துக்கடை வேலை போய்விட்டதா என்று கேதீஸ்வரனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். கேதீஸ்வரன் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது முகம் சிவந்திருந்தது. வசந்தமலர் கேட்டுவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை பங்கஜத்திடமே போய்த் தான் செய்வதை விளங்கப்படுத்தினார். பங்கஜம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், ஊரில் கண்ணிவெடி தேடுகிற இந்த மிசினைக் கண்டால் எல்லோரும் ஓடுவார்கள், நீங்கள் இதைப் பிடித்துக்கொண்டு உலாவப் போகிறீர்களே என்று சொல்லி, ஒரு டப்பாவில் கடலைக்கறி கட்டிக் கொடுத்தார்.

1995 பெப்ரவரியில் ஒரு பெரிய புயல்மழை வந்து கரையை அரித்தது. அடுத்த சனிக்கிழமை கண்டல்களுக்கு அப்பால் சேறு ஒரு முழம் இறங்கியிருந்தது. கருவி ஓயாமல் கத்தியது. முதலில் ஒரு துளைக்காசு வந்தது. ஒரு சாண் தள்ளி இன்னொன்று. அதற்கு நேரே இன்னொன்று. எல்லாம் ஹால்க்ரோவின் அரைப்பென்னிகள். எல்லாவற்றிலும் நடுவில் சதுரத் துளை. எல்லாம் ஒரே மாதிரிக் குழிந்திருந்தன. அவர் கிண்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்று பார்த்தார். குழிகள் ஒரு வரிசையில் இருந்தன. பிறகு குனிந்து அடுத்ததை எடுத்தார். அதன் துளைக்குள் சதுரமான செப்பு ஆணி ஒன்று இறுகிப்போய் இருந்தது. ஆணியின் நுனி வெட்டப்பட்டு, காசின் மேல் அடித்துப் பரப்பப்பட்டிருந்தது.

அந்தக் கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது, எந்தப் பிள்ளையும் இதைக் கழுத்தில் கட்டியதில்லை என்று. வேறு என்னவென்றுதான் தெரியவில்லை.

வீட்டில் அதைப் பத்திரிகைத் தாளில் வைத்துக் கணவரிடம் காட்டினார். கேதீஸ்வரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வாஷர்" என்றார்.

"என்ன வாஷர்?"

"ஆணி மரத்துக்குள்ள போய் மற்றப் பக்கத்தால வருது. இழுபட்டு வராம இருக்க இதைக் கோத்து அடிச்சிருக்கிறாங்கள். காசை வாஷராப் பாவிச்சிருக்கிறாங்கள், மலர். செப்பாணி எண்டா வள்ளமாத்தான் இருக்கும். வள்ளச் சாமான் விக்கிற கடையில போய்க் கேளும்."

பன்மூரில் அப்படி ஒரு கடை இருந்தது. அங்கே நின்ற பெண் ஆணியைப் பார்த்ததும் ஒரு லாச்சியை இழுத்தார். உள்ளே நிறைய, விரல்நக அளவில், நடுவில் துளையிட்டுக் குழித்த செப்பு வட்டங்கள். பலகைமேல் பலகை ஏற்றிக் கட்டும் படகுகளுக்கு இன்றும் அவைதான். ஆணியை வெளியிலிருந்து அடிப்பார்கள். உள்ளே வரும் நுனியில் இந்த வட்டத்தைக் கோத்து, இறுக்கி, மிச்சத்தை வெட்டி, தட்டி மடக்குவார்கள். வசந்தமலர் கொண்டுவந்தது அளவில் பெரிது, ஆனால் பாரம் ஏற்றும் படகு என்றால் பொருந்தும், கட்டியவனுக்குச் சாமான் முடிந்திருக்கும், கையில் கிடைத்த செப்பைப் போட்டிருப்பான் என்றார் அந்தப் பெண்.

அடுத்த வியாழக்கிழமை அவர் நூலகத்துக்குப் போய், தான் முன்பு நிறுத்திய இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். ஒன்றரை வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது. குழந்தை இறந்து சில வருஷங்களில் படைகள் ஒடாஹுஹுவை விட்டுப் போயின. வியாபாரம் விழுந்தது. ஹால்க்ரோ கடையைப் பூட்டினார். கடைச் சாமான்கள் ஏலத்தில் போயின. கடை இல்லாமற் போனால் அதன் காசை யார் வாங்குவார்கள்? அது பிறகு வெறும் செம்பு. யாரோ ஒருவரிடம் அந்தச் செம்பு ஒரு பை நிறைய இருந்திருக்கிறது. அந்த யாரோ ஹால்க்ரோவாகவே இருக்கலாம், ஏலத்தில் எடுத்தவராக இருக்கலாம், முன்பின் தெரியாத படகுக்காரராக இருக்கலாம். பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்த முறை வசந்தமலர் அதில் எதையும் தெரிவு செய்யவில்லை.

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சங்கத்துக்குச் சொல்வது அவருக்குப் பெரிய பாரமாக இருக்கவில்லை. நோயலீனுக்குச் சொல்வதுதான் பாரமாக இருந்தது. பிரணவி அப்போது நோயலீனிடமே கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கிழமையும் நோயலீன் வாசலில் வந்து ஹோர்ன் அடிக்கும்போது, சங்கிலியில் அந்தக் காசு தெரியும். வசந்தமலர் யன்னலால் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

"இப்ப என்ன அவசரம்?" என்றார் கேதீஸ்வரன். "அந்தப் பிள்ளைக்குப் பேரும் வைச்சாச்சு. ஆருக்கும் நட்டமில்லை. அவ சந்தோஷமா இருக்கட்டும்."

"பேர் சரிதான். அந்தப் பேரில ஒரு பிள்ளை இருந்தது உண்மை. காசுதான் பிழை" என்றார் வசந்தமலர். "நான் சங்கத்தில சொன்னா அடுத்த கிழமை அவவின்ர காதுக்குப் போயிடும். நான் சொல்லாம மற்ற ஆக்கள் சொல்லி அவ அறியக் கூடாது, இஞ்சாருங்கோ."

கேதீஸ்வரன் ஆணியோடு இருந்த காசைத் தாளில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்.

சித்திரை விடுமுறையில் ஒரு நாள், பாடம் முடிந்து பிரணவி இறங்கிப் போன பிறகு, வசந்தமலர் அவள் இருந்த சாரதி இருக்கையில் ஏறி அமர்ந்தார். பழக்குபவர் பக்கத்திலும் பிரேக் மிதி உள்ள கார் அது. நோயலீன் கையேட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். வசந்தமலர் ஆணியோடு கூடிய காசை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தார். சுற்றி வளைக்கவில்லை. நான் சொன்னது பிழை, இது படகில் அடித்த காசு, உங்களிடம் இருப்பதும் அப்படித்தான், நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். குழிந்திருப்பதைப் பற்றி அன்று ஒருவர் கேட்டாரே, எனக்கு அப்போதே உறுத்தியது, ஆனால் எனக்கு அந்தக் கதை பிடித்துப் போயிருந்தது என்றும் சொன்னார்.

நோயலீன் ஆணியைத் தொட்டுப் பார்த்தார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி இரண்டையும் அருகருகே பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே குழிவு.

"அப்படியென்றால் இதை யாரும் அணிந்திருக்கவில்லை" என்றார்.

"இல்லை."

"அந்தப் பிள்ளை?"

"பிள்ளை உண்மை. அவளைப் பற்றிப் பத்திரிகையில் இருப்பது எல்லாம் உண்மை."

நோயலீன் சங்கிலியை மறுபடி அணியவில்லை. கைப்பெட்டிக்குள் போட்டு மூடினார். சொன்னதற்கு நன்றி என்றார். அந்த நன்றியில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. அதற்கடுத்த பாடத்துக்கு வர முடியாது என்று போனில் பிரணவியிடம் சொன்னார். அதற்கடுத்ததற்கும் அப்படியே. அம்மா என்ன செய்தாய் என்று பிரணவி ஆங்கிலத்தில் கேட்டாள். வசந்தமலர் நடந்ததைச் சொன்னார். பிரணவி, மே மாதம் பரீட்சை இருக்கிறது, வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார் வசந்தமலர். அந்த வாரங்களில் அவர் கரைக்குப் போனார், ஆனால் காரைவிட்டு இறங்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை, நோயலீனின் கார் ஆற்றங்கரையில் வந்து நின்றது. ரப்பர் சப்பாத்தோடு இறங்கினார். கழுத்தில் அந்தச் சங்கிலி இருந்தது. வசந்தமலர் அதைப் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"நான் ஒரு வருஷத்துக்கு மேலாக இதைப் போட்டிருக்கிறேன். முன்பு யாரும் போடவில்லை என்றாலும், இப்போது இது ஒருத்தி கழுத்தில் கிடந்த காசுதான். அதை யாரும் பிழை என்று சொல்ல முடியாது" என்றார். பிறகு, "எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. படகைக் காட்டுங்கள்" என்றார்.

காட்டுவதற்கு அவ்வளவாக எதுவும் இருக்கவில்லை. சேற்றில் ஒரு கோடு, அதற்குச் சமாந்தரமாக இன்னொரு கோடு. இரண்டு பெண்களும் முழங்காலளவு புதைந்து நின்றுகொண்டு, இது முன்பக்கமாக இருக்கும், இல்லை அதுதான் என்று கதைத்தார்கள். நீர் ஏறிவந்த பிறகே கரையேறினார்கள். நோயலீனின் ஒரு சப்பாத்து அங்கேயே நின்றுவிட்டது.

சங்கத்தில் வசந்தமலர் தன் பிழையைச் சொன்ன நாளில் கூட்டம் குறைவு. முதற் பேச்சுக்கு எழுந்த கைதட்டல் இதற்கு இல்லை. ஆனால் அன்று குழிவைப் பற்றிக் கேட்ட மனிதர் கடைசியில் வந்து, ஆணியைக் கையில் வாங்கி நெடுநேரம் வைத்திருந்தார். என்னிடமும் வேறு கடைக்காரரின் துளைக்காசுகள் சில உண்டு, கெட்டவை என்று ஒரு டின்னில் போட்டு வைத்திருக்கிறேன், போய்ப் பார்க்க வேண்டும் என்றார். செய்தி இதழில் திருத்தம் கடைசிப் பக்கத்தில் நாலு வரியாக வந்தது.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவர் சொல்லித்தான் வசந்தமலர் அருங்காட்சியகத்துக்குத் தகவல் கொடுத்தார். ஒரு தொல்லியலாளர் வந்தார், இளம் பெண். இவ்வளவு பழைய படகு இருக்கும் இடத்தை இனிக் கிண்டக் கூடாது என்று அவர் தன்மையாகச் சொன்னார். நீர் வற்றிய இரண்டு காலைகள் மெல்லிய கம்பியால் குத்திக் குத்தி அளந்து, சேற்றுக்குள் படகின் அடிப்பக்கம் அப்படியே இருக்கிறது என்று கண்டார். படம் வரைந்து, அளவு குறித்துவிட்டு, அதை அப்படியே விட்டுவிட்டார். காற்றுப் பட்டால் மரம் உதிர்ந்துவிடுமாம். சேற்றில் இருப்பதே அதற்கு நல்லதாம். ஆணியோடு கூடிய காசையும் மற்றவற்றையும் வசந்தமலர் அவரிடமே ஒப்படைத்தார். தேடும் கையை நிறுத்துவது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அந்த இடத்தில் அவர் பிறகு கருவியை வைக்கவே இல்லை.

அந்த ஒக்டோபரில், போர் நெருங்கியதால் யாழ்ப்பாணத்திலிருந்து சனம் முழுவதும் வெளிக்கிட்ட செய்தி வந்தது. வசந்தமலரின் தம்பி குடும்பமும் அதற்குள் இருந்தது. எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு தகவலும் இல்லை. கருவி காரின் பின்பெட்டியிலேயே கிடந்தது. நோயலீன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து குசினிக்குள் இருந்து, சொல்லாத எதையும் கேட்காமல், வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். சில நாட்களில் பேத்தி இஸபெல்லையும் கொண்டுவந்து தரையில் விடுவார். அது தவழ்ந்து போய் அரிசிச் சாக்கைப் பிடித்து எழும்பி நிற்கும். தம்பி கிளிநொச்சியில் இருக்கிறான் என்று தெரிந்தது தைப்பொங்கலுக்குப் பிறகுதான்.

பிரணவி கார்ப் பரீட்சையில் இரண்டாம் தரம் தேறினாள். 1996இல் ஆல்பனிப் பல்கலைக்கழக வளாகத்தில் சேர்ந்து, தானே ஓட்டிக்கொண்டு போய்வந்தாள். ஒடாஹுஹுச் சப்பாத்துக்கடை வேலை விட்டுப்போயிற்று. வசந்தமலருக்கு இப்போது சனிக்கிழமை எந்தக் கரைக்கும் போகலாம். கேதீஸ்வரன் சில நாட்களில் கூடவே வந்து, மடிப்புக் கதிரையில் இருந்து ரேடியோவில் கிரிக்கெட் கேட்பார். கிண்டிய குழிகளை மூடுவது மட்டும் அவர் வேலை. எஞ்சினியர் அல்லவா, காலால் மிதித்து மட்டம் பார்த்து மூடுவார்.

1998 கோடையில் ஒரு நாள் அவர்கள் வடக்குக் கரையில் ஒரு கடற்கரைக்குப் போயிருந்தார்கள். அங்கே இன்னொருவரும் டிடெக்டரோடு நின்றார், ஓய்வுபெற்ற வயது, வெயில் தொப்பி. கருவி வைத்திருப்பவர்கள் கண்டால் இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம். என்ன கிடைத்தது என்று கேட்டுக்கொண்டார்கள். பேச்சு பழைய கடைக்காசுகளுக்கு வந்தது. ஒடாஹுஹுவில் கிடைத்த காசைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்றார் அந்த மனிதர். ஒரு கடைக்காரர் தன் சின்ன மகளுக்குத் தன் பெயர் போட்ட காசிலே துளை போட்டுக் கழுத்தில் கட்டினாராம்; பிள்ளை இறந்துவிட்டதாம்; நூறு வருஷத்துக்குப் பிறகு ஒரு இந்தியப் பெண் அதை ஆற்றங்கரையில் கண்டெடுத்தாராம். அவர் நன்றாகவே சொன்னார். வசந்தமலர் இடையில் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார்.

பிறகு, அந்தப் பெண் தான்தான் என்றும், தான் இலங்கையைச் சேர்ந்தவர் என்றும், கதையின் முற்பாதி தன்னுடைய பிழை என்றும் சொன்னார். மணலில் குச்சியால் ஆணியையும் பலகையையும் வரைந்து, காசு எங்கே கோக்கப்பட்டது என்று காட்டினார். மனிதர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு குனிந்து பார்த்தார். இரண்டு கேள்வி கேட்டார், நல்ல கேள்விகள்.

"சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மனைவிக்கு மற்றக் கதைதான் பிடிக்கும்" என்றார்.

"எனக்கும் பிடித்திருந்தது" என்றார் வசந்தமலர்.

அந்த மனிதர் தெற்குப் பக்கம் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார். வசந்தமலர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வடக்கு முனையை நோக்கி நடந்தார். கேதீஸ்வரன் கதிரையை மடித்து எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.